பெருவிரல் அளக்கும் அரை அங்குலம்

மாருதி 800 காரின் எஞ்சினில் ஆல்டர்னேட்டரையும் வாட்டர் பம்பையும் சுழற்றும் ரப்பர் பட்டைக்கு, டெல்லியிலும் சரி, கொல்கத்தாவிலும் சரி, கோவையிலும் சரி, பட்டறையில் வழங்கும் பெயர் ‘ஃபேன் பெல்ட்’. அந்தப் பட்டை எந்த ஃபேனையும் சுழற்றுவதில்லை. அந்தக் காரில் ரேடியேட்டருக்குக் காற்றை இழுக்கும் விசிறி தனி மின்மோட்டாரில் ஓடுகிறது. அதற்கு முன்பிருந்த அம்பாசடரில் நிலைமை வேறு. எஞ்சினின் முன்முனையிலிருந்து புறப்படும் ஒரே பட்டை வாட்டர் பம்பையும், அதே அச்சில் பொருத்திய விசிறியையும், பக்கவாட்டில் தொங்கும் டைனமோவையும் சேர்த்துச் சுழற்றியது. விசிறி பட்டையை விட்டு விலகிப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. பெயர் விலகவில்லை.

சொற்பொருள் மாற்றம் பற்றிப் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் ‘எண்ணெய்’ என்ற சொல்லை உதாரணம் காட்டுவது வழக்கம். எள்ளின் நெய் எண்ணெய் ஆகி, பின்னர் தேங்காயிலிருந்து வருவதும் நிலத்தடியிலிருந்து வருவதும் எண்ணெய் ஆயின. அது நல்ல உதாரணம்தான். ஆனால் அந்த மாற்றம் நடந்த காலத்தை எவரும் கண்ணால் பார்க்கவில்லை. அதே நிகழ்வு இன்றைய தலைமுறையின் கண்முன், கல்லூரி வாசலுக்கு எதிரில் உள்ள பட்டறையில் நடந்து முடிந்திருக்கிறது. அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ள மொழியியல் துறையிலிருந்து எவரும் சாலையைக் கடந்து போனதாகத் தெரியவில்லை. இதைக் குறையாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பட்டறையின் மொழியைக் கல்விப்புலம் மொழியாகக் கருதாததால் இழப்பு மொழியியலுக்கு மட்டும் நேர்வதில்லை. பட்டறையில் வேலை செய்பவர்களின் கூலியையும் அது தொடுகிறது.

தளர்ந்த பெல்ட் ஒன்றைச் சரிசெய்யும் சிறு வேலையை மட்டும் எடுத்துக்கொண்டாலே இது விளங்கும்.

பழைய வண்டிகளின் பெல்ட் குறுக்குவெட்டில் ஆங்கில ‘வி’ எழுத்தின் வடிவம் கொண்டது. புல்லியின் பள்ளமும் அதே வடிவம். பெல்ட்டின் அடிப்பகுதி பள்ளத்தின் தரையைத் தொடக்கூடாது. இரு சரிந்த பக்கங்கள்தான் புல்லியின் சுவர்களை நெருக்கிப் பிடிக்க வேண்டும். ஆப்பு இறுகுவதுபோல் இறுகும் இந்த அமைப்பால், தட்டையான பட்டையைக் காட்டிலும் ஏறத்தாழ மூன்று மடங்கு உராய்வுப் பிடிப்பு கிடைக்கிறது. பொறியியல் மாணவர்கள் இரண்டாம் ஆண்டில் ஆய்லரின் பெயரோடு சேர்த்துப் படிக்கும் பெல்ட் சமன்பாடு இதைத்தான் சொல்கிறது: பிடிப்பு, உராய்வையும் பட்டை புல்லியைத் தழுவும் கோணத்தையும் பொறுத்து அடுக்குக்குறி வேகத்தில் வளரும். ஆனால் அந்தச் சமன்பாட்டுக்கு ஒரு முன்நிபந்தனை உண்டு. பட்டையில் தொடக்க இழுவிசை இருந்தாக வேண்டும். ரப்பர் நாளடைவில் நீள்கிறது, பக்கங்கள் தேய்ந்து பள்ளத்துக்குள் இறங்குகிறது, இழுவிசை குறைகிறது, பட்டை வழுக்குகிறது.

வழுக்கும் பட்டை கத்தும். பிடித்து, விட்டு, மீண்டும் பிடித்து, மீண்டும் விடும் அந்த அதிர்வு, வயலின் தந்தியில் வில் எழுப்பும் ஒலியின் அதே இயற்பியல்தான். இனிமை மட்டும் இல்லை. காலையில் வண்டியைக் கிளப்பியவுடன் அது அதிகமாகக் கேட்பதற்கும் காரணம் உண்டு. ஸ்டார்ட்டர் மோட்டார் பேட்டரியிலிருந்து பெருமளவு மின்னோட்டத்தை இழுத்திருக்கும். அதை ஈடுகட்ட ஆல்டர்னேட்டர் அந்தச் சில நிமிடங்களில் முழு வேகத்தில் மின்சாரம் தர முயலும். அதனால் அதன் புல்லியைத் திருப்புவது கடினமாகும். தளர்ந்த பட்டையால் அந்தச் சுமையைத் தாங்க இயலாது. பேட்டரி ஓரளவு நிரம்பியதும் சுமை குறைந்து சத்தம் அடங்கும். வண்டிக்காரர் நோய் தானாகத் தீர்ந்தது என்று நினைத்துக்கொள்வார். பின்னொரு நாள் போக்குவரத்து நெரிசலில் டேஷ்போர்டின் சிவப்பு விளக்கு எரியும், ஹெட்லைட் மங்கும், வெப்பமானியின் முள் மேலேறும். வாட்டர் பம்ப்பும் அதே பட்டையில்தான் ஓடுகிறது என்பது அப்போதுதான் அவருக்கு நினைவுக்கு வரும்.

இந்த முழு விளக்கத்தையும் எந்த மிஸ்திரியும் வாடிக்கையாளரிடம் சொல்வதில்லை. அவர் கேள்விகள் கேட்கிறார். காலையில் மட்டும் கத்துகிறதா, எப்போதுமா? ஹெட்லைட் போட்டால் சத்தம் கூடுகிறதா? மழை நாளில்? ஒவ்வொரு கேள்வியும் ஒரு காரணத்தை நீக்குகிறது அல்லது உறுதி செய்கிறது. விளக்குப் போட்டால் கூடுகிறது என்றால் ஆல்டர்னேட்டரின் சுமையோடு தொடர்பு; ஆகவே பட்டையின் தளர்ச்சி. எப்போதும் ஒரே சீராக உறுமுகிறது என்றால் பேரிங் மீது சந்தேகம். பிறகு பாட்டில் தண்ணீரில் கொஞ்சம் எடுத்து ஓடும் பெல்ட்டின் உட்புறத்தில் தெளிப்பார். சத்தம் சற்று நேரம் அடங்கினால் புல்லிகள் ஒரே நேர்க்கோட்டில் இல்லை. சத்தம் கூடினால் பட்டை வழுக்குகிறது. மருத்துவக் கல்லூரியில் இதற்கு வேறுபடுத்தி அறியும் நோய்முடிவு என்று கம்பீரமான பெயர் உண்டு. பட்டறையில் இதற்குப் பெயர் இல்லை. பெயர் இல்லாததால் இது அறிவு இல்லை என்ற முடிவுக்கு வருவது, கல்விப்புலத்துக்குப் பழகிப்போன அவசரம்.

வேலை என்னவோ எளியது. எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்துவிட வேண்டும். ஓடும் பெல்ட்டின் அருகில் விரலைக் கொண்டுபோய் விரலை இழந்தவர்கள் எல்லா ஊர்ப் பட்டறைகளிலும் உண்டு. ஆல்டர்னேட்டரைத் தாங்கும் கீழ்ப் போல்ட்டைச் சற்றுத் தளர்த்த வேண்டும், அது அச்சு. மேலே நீள்துளை கொண்ட வளைந்த கம்பியில் உள்ள போல்ட்டையும் தளர்த்த வேண்டும், அது பூட்டு. எஞ்சினுக்கும் ஆல்டர்னேட்டருக்கும் இடையே டயர் லீவரையோ உறுதியான மரக்கட்டையையோ கொடுத்து, ஆல்டர்னேட்டரை வெளிப்பக்கம் நெம்பிப் பிடித்தபடி மேல் போல்ட்டை முறுக்க வேண்டும். நெம்பும் இடம் முக்கியம். அலுமினிய உறையின் நடுவில் கம்பியைக் கொடுத்து நெம்பினால் உறை விரிசல் விடும். முன்புறப் புல்லிக்கு அருகிலுள்ள கனத்த பகுதியில்தான் கொடுக்க வேண்டும். ஒரு கை நெம்ப, மறு கை முறுக்க, இரண்டும் ஒரே கணத்தில் நடக்க வேண்டும் என்பதால் பழகாதவருக்கு மூன்றாவது கை தேவைப்படும். பெரும்பாலும் அந்த மூன்றாவது கை ஒரு சிறுவனுடையதாக இருக்கும். அவனைப் பற்றிப் பின்னால்.

பிறகுதான் அளவு. இரண்டு புல்லிகளுக்கு இடையே பட்டை மிக நீளமாக ஓடும் பகுதியின் நடுவில் பெருவிரலால் அழுத்த வேண்டும். அம்பாசடர் காலத்து வண்டிகளுக்கு அரை அங்குலம் உள்ளே போக வேண்டும் என்பது கணக்கு. வண்டிக்கு வண்டி இது மாறும். அதற்கு மேல் போனால் தளர்வு. அதற்கும் குறைவாகப் போனால் அதுவும் கெடுதல். மிகை இறுக்கம் ஆல்டர்னேட்டரின் பேரிங்கையும் வாட்டர் பம்பின் பேரிங்கையும் தின்றுவிடும். முந்நூறு ரூபாய்ப் பட்டையைக் காப்பாற்றப் போய் மூவாயிரம் ரூபாய்ப் பம்பைக் கொன்றதாக முடியும். புதிய பட்டை போட்டிருந்தால், சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் திரும்ப வந்து மறுபடி இறுக்கிக்கொள்ளச் சொல்வார்கள். நீள வேண்டிய நீளம் அதற்குள் நீண்டிருக்கும்.

இந்த ‘அரை அங்குலம்’ எப்படிக் கற்பிக்கப்படுகிறது என்பதுதான் மொழியியலாளர் கவனிக்க வேண்டிய இடம். கையேட்டில் எண் இருக்கிறது. பட்டறையில் கையேடு இல்லை, அளவுகோலை யாரும் எடுப்பதும் இல்லை. உஸ்தாத் பட்டையை அழுத்துகிறார். ‘இத்னா’ என்கிறார். ‘இவ்வளவு’ என்று பொருள். பையன் அதே இடத்தில் அழுத்துகிறான். ‘இத்னா நஹீ(ன்), தோடா அவுர்’ என்று திருத்தம் வருகிறது. அவன் மீண்டும் அழுத்துகிறான். ‘பஸ்.’ பாடம் முடிந்தது.

சுட்டுச்சொற்களைப் பற்றிய வகுப்புகளில் ‘இது’, ‘அது’, ‘இவ்வளவு’ ஆகியவை பேசும் சூழலைப் பொறுத்துப் பொருள் பெறுபவை என்று கற்பிக்கப்படுகிறது. வழக்கமான உதாரணங்களில் சூழல் என்பது பேசுபவர் நிற்கும் இடமும் அவர் சுட்டும் விரலும். இங்கே சூழல் என்பது அழுத்தும் விரல். ‘இத்னா’ என்ற சொல்லின் பொருள் கண்ணால் பார்த்தால் கிடைக்காது. ரப்பரின் எதிர்ப்பைப் பெருவிரல் உணர்ந்தால்தான் கிடைக்கும். கேட்பவரின் தசையில் போய் முடியும் சுட்டு இது. எந்த இலக்கண நூலும் இத்தகைய சுட்டுக்குத் தனி இடம் தரவில்லை என்றால், குறைபாடு இலக்கண நூலில்தான்.

கில்பர்ட் ரைல் ‘எப்படி என்று அறிதல்’, ‘இன்னது என்று அறிதல்’ இரண்டையும் பிரித்துப் பேசியதும், மைக்கேல் போலன்யி 1966-இல் வெளியான நூலில் சொல்லில் அடங்காத அறிவைப் பற்றி எழுதியதும் முதுகலை மாணவர் அறிந்தவையே. ஆனால் இவ்விரு பெயர்களையும் ஆய்வேட்டின் இரண்டாம் இயலில் எழுதிவிட்டு, ‘ஆகவே கைத்திறன் சொல்லுக்கு அப்பாற்பட்டது’ என்று முடித்துவிடும் போக்கு சோம்பேறித்தனமானது. பட்டறை மௌனமான இடம் அன்று. அங்கே நாள் முழுவதும் பேச்சு. ஜூலியன் ஓர் என்ற மானிடவியலாளர் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பழுதுநீக்குநர்களோடு இருந்து எழுதிய ஆய்வு 1996-இல் நூலாக வந்தது. பழுதுநீக்குநர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் கதைகளே அவர்களுடைய நோயறி கருவி என்பதை அது காட்டியது. இந்தியப் பட்டறைகளுக்கு அத்தகைய ஆய்வு ஒவ்வொரு மாநிலத்திலும் ஒன்றாவது இருந்திருக்க வேண்டும். டெல்லியின் காஷ்மீரி கேட், மாயாபுரி, கொல்கத்தாவின் மல்லிக் பஜார், சென்னையின் புதுப்பேட்டை என்று களத்துக்கும் பஞ்சமில்லை.

சொல்வளத்தை மட்டும் பார்த்தாலும் வியப்பு மிஞ்சும். வட இந்தியப் பட்டறையில் ஸ்பானருக்குப் ‘பானா’ என்றும் ‘சாபி’ என்றும் பெயர். இந்த ‘சாபி’யும் தமிழின் ‘சாவி’யும் போர்ச்சுகீசியச் ‘சாவே’யிலிருந்து வந்த ஒரே சொல். தமிழ் அதைப் பூட்டோடு நிறுத்திக்கொண்டது. இந்தி நட்டையும் ஒரு பூட்டாகப் பார்த்து அதைத் திறக்கும் கருவிக்கும் அதே பெயரைக் கொடுத்தது. ‘மிஸ்திரி’யும் தமிழின் ‘மேஸ்திரி’யும் அவ்வாறே போர்ச்சுகீசிய ‘மெஸ்த்ரே’யின் பிள்ளைகள், ‘உஸ்தாத்’ பாரசீகத்திலிருந்து வந்தவர். போல்ட் ‘காப்லா’, நட்டு ‘டிப்ரி’, சாக்கெட் ஸ்பானர் ‘கோட்டி’. திருகின் மரைக்கு ‘சூடி’ என்று பெயர். வளையல் என்பது அதன் முதற்பொருள். கம்பியில் வரிசையாக அடுக்கிய வளையல்களாக ஒரு போல்ட்டைப் பார்த்த கண் எந்தக் கலைச்சொற்குழுவுக்கும் வாய்த்ததில்லை. மரை தேய்ந்து பிடிக்காமல் போனால் ‘சூடி மர் கயீ’, வளையல் செத்துப்போயிற்று. தமிழில் மரை கழன்றால் மனிதனுக்கே கழன்றதாகப் பொருள் வந்துவிடுகிறது. உபரிச் சக்கரத்துக்கு இந்தியா முழுவதும் வழங்கும் ‘ஸ்டெப்னி’, வேல்ஸ் நாட்டின் லனெத்லி நகரிலுள்ள ஒரு தெருவின் பெயரால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விற்பனைக்கு வந்த சக்கரத்தின் பெயர். பிறந்த நாட்டில் அச்சொல் வழக்கொழிந்துவிட்டது. இங்கே ஆட்டோ ஓட்டுநர் நாள்தோறும் சொல்கிறார்.

இவை சுவையான செய்திகள் என்பதற்காக இங்கே அடுக்கப்படவில்லை. அறிவியல், தொழில்நுட்பக் கலைச்சொல் ஆணையம் டெல்லியில் 1961-இல் அமைக்கப்பட்டது. அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் கட்டுமானவியல், இயந்திரவியல் படிப்புகளைத் தமிழ்வழியில் தொடங்கியது. 2021 முதல் அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக்குழு பல இந்திய மொழிகளில் பொறியியல் பாடங்களை நடத்த ஊக்கம் அளிக்கிறது. ஐ.டி.ஐ. மாணவர்களுக்கான பாடநூல்களைச் சென்னை கிண்டியில் உள்ள தேசிய பயிற்று ஊடக நிறுவனம் உருவாக்குகிறது. ஆகப் பணமும் நிறுவனமும் நோக்கமும் குறைவில்லை. குறை, சொல் பயணம் செய்யும் திசையில் இருக்கிறது. ஆங்கிலப் பாடநூலிலிருந்து ஒரு சொல் எடுக்கப்படுகிறது. வடமொழி வேரிலோ தனித்தமிழ் வேரிலோ அதற்கு இணை ஆக்கப்படுகிறது. அது பாடநூலில் அச்சாகிறது. மாணவர் அதை மனனம் செய்து தேர்வு எழுதுகிறார். பட்டறைக்குள் நுழைந்த முதல் நாளே மறக்கிறார். பட்டறையில் ஏற்கெனவே புழங்கும் சொல்லிலிருந்து தொடங்கிப் பாடநூலை நோக்கிச் செல்லும் வழி பெரும்பாலும் தேடப்படுவதே இல்லை. ‘மரை’ என்ற சொல் தமிழ்ப் பட்டறைகளில் உயிரோடு இருக்கிறது. அதைப் பாடநூலில் வைத்தால் மாணவரும் மேஸ்திரியும் ஒரே சொல்லைப் பேசுவார்கள். அதே நியாயப்படி ‘பெல்ட்’ என்ற சொல்லையும் விட்டுவைக்கலாம். ‘வார்ப்பட்டை’ என்று எழுதினால்தான் தமிழ் என்று பிடிவாதம் பிடிப்பவர், ‘சாவி’யையும் ‘மேஸ்திரி’யையும் முதலில் நாடு கடத்த வேண்டியிருக்கும்.

இந்தி கலைச்சொற்களைக் கேலி செய்யும் நகைச்சுவைகள் ஏராளம். ரயிலுக்கு ‘லௌஹ் பத் காமினி’ என்று அரசு பெயர் வைத்ததாகப் பலரும் நம்புகிறார்கள். அத்தகைய கேலிகளில் பாதி கற்பனை. கலைச்சொல்லாக்கத்தை ஒட்டுமொத்தமாக எள்ளி நகையாடுவது இங்கே நோக்கமன்று. இழுவிசை, முறுக்கு, உராய்வு போன்ற கருத்துச் சொற்கள் வகுப்பறைக்குத் தேவை. பட்டறை அவற்றைத் தராது. பொருட்பெயர்களையும் வினைகளையும் பட்டறை தரும். இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தியதுதான் பிழை.

இதில் கூலி எங்கே வருகிறது? 2015-இல் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி கௌஷல் விகாஸ் யோஜனா திட்டத்தில் ‘முன்கற்றலை அங்கீகரித்தல்’ என்ற பிரிவு இருக்கிறது. பள்ளிப் படிப்பை முடிக்காமலே பட்டறையில் தொழில் கற்றவர்களின் திறனைச் சோதித்துச் சான்றிதழ் வழங்குவது அதன் எண்ணம். எண்ணம் பாராட்டத்தக்கது. சான்றிதழ் இருந்தால் பெரிய சேவை மையங்களில் வேலை கேட்கலாம், வெளிநாடு போகலாம், வங்கிக் கடன் பெறலாம். ஆனால் ஒருவரின் திறனைச் சோதிக்கும் கேள்வி எந்த வழக்கில் கேட்கப்படுகிறது என்பதில் எல்லாம் அடங்கியிருக்கிறது. மொழியைத் தேர்ந்தெடுத்தால் மட்டும் போதாது. இந்தியில்தான் கேள்வி இருக்கிறது என்பது, ‘சூடி’ என்று வாழ்நாள் முழுவதும் சொன்னவருக்கு வடமொழிச் சொல்லாட்சியில் அமைந்த இந்தி புரியும் என்பதற்கு உத்தரவாதம் அன்று. இருபது ஆண்டுகளாகப் பெருவிரலால் பட்டையை அளந்தவரிடம் ‘பட்டையின் விலக்கம் எத்தனை மில்லிமீட்டர் இருத்தல் வேண்டும்’ என்று நான்கு விடைகளோடு கேட்டால் அவர் திணறுவார். அவர் முன் ஒரு எஞ்சினை வைத்து ‘இதை இறுக்குங்கள்’ என்று சொன்னால், இறுக்கியபின் அளவுகோலை வைத்து மில்லிமீட்டரைத் தேர்வாளரே எழுதிக்கொள்ளலாம். முதல் தேர்வு மொழியைச் சோதிக்கிறது. இரண்டாவது தொழிலைச் சோதிக்கிறது. எழுத்துத் தேர்வுகளை வடிவமைப்பவர்கள் இந்த வேறுபாட்டை அறியாதவர்கள் அல்லர். செய்முறைத் தேர்வுக்கு நேரமும் பணமும் அதிகம், கேள்வித்தாளுக்குக் குறைவு. இழப்பைச் சுமப்பவர் தேர்வு எழுதுபவர் என்பதால் அந்தச் சிக்கனம் எளிதாகிவிடுகிறது.

அறிவு நிறுவனத்திடம் மட்டுமே இருக்கிறது என்ற எண்ணத்துக்குச் சந்தை ஆதாயமும் உண்டு. கார் உற்பத்தியாளர்கள் உதிரிபாகங்களையும் பழுதறி கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்கவிடாமல் தடுத்தார்கள் என்று கூறி, இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 நிறுவனங்களுக்கு ஏறத்தாழ 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வழக்கு அதன்பின் மேல்முறையீடுகளுக்குள் சென்றது. 2022-இல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை ‘பழுதுநீக்கும் உரிமை’ குறித்துக் குழு அமைத்து, அவ்வாண்டு இறுதியில் இணையவாசலும் திறந்தது. அதில் அடங்கிய நான்கு துறைகளில் வாகனமும் ஒன்று. இவ்விவாதங்களில் நுகர்வோர் பேசுகிறார், நிறுவனம் பேசுகிறது, வழக்கறிஞர் பேசுகிறார். பழுதுநீக்குபவரின் குரல் அரிதாகவே கேட்கிறது.

பட்டறையைப் புனிதமாக்குவதும் இன்னொரு வகை அலட்சியம். உஸ்தாதின் அறிவு என்று கொண்டாடப்படுவதில் தவறான அறிவும் கலந்திருக்கிறது. கத்தும் பெல்ட்டில் சோப்பைத் தேய்ப்பவர்கள் உண்டு. சத்தம் நின்றுவிடும், காரணம் அப்படியே இருக்கும், ரப்பர் பளபளத்துக் கெடும். வாடிக்கையாளர் திரும்பி வந்து குறை சொல்லக்கூடாது என்பதற்காக வீணைத் தந்திபோல இறுக்கி அனுப்புபவர்களும் உண்டு; நான்கு மாதத்தில் பேரிங் உறுமத் தொடங்கும், அதற்குள் பழி வேறொருவர் தலையில் ஏறிவிடும். பெருவிரல் அளவு ஆளுக்கு ஆள் மாறும் என்ற பொறியாளரின் ஆட்சேபம் நியாயமானது. அதற்கான விடை பெருவிரலை வெட்டி எறிவதன்று. எந்தப் பெருவிரல் எவ்வளவு அழுத்துகிறது என்று ஒரு முறையாவது அளந்து பார்ப்பது. மலிவான இழுவிசைமானியோடு பத்துப் பட்டறைகளில் அளந்தால், ‘இத்னா’ என்ற சொல் எவ்வளவு நிலையான அலகு என்பது தெரிந்துவிடும்.

அந்த மூன்றாவது கைக்கு உரிய சிறுவன் இருக்கிறான். வட இந்தியப் பட்டறைகளில் அவனுக்குச் ‘சோட்டு’ என்று பெயர். சின்னவன் என்பது பொருள். உண்மைப் பெயரைக் கேட்கும் வழக்கமில்லை. 2016-இல் திருத்தப்பட்ட சட்டப்படி, குடும்பத் தொழிலில் உதவுவது போன்ற சில விலக்குகள் தவிர, 14 வயதுக்குட்பட்டவர்களை எந்தத் தொழிலிலும் வேலைக்கு வைக்கக்கூடாது. ‘சோட்டு’க்கள் இன்னும் இருக்கிறார்கள். குரு-சீட மரபு என்ற அழகிய சொல்லால் இதைப் போர்த்துவது நேர்மையன்று. பெருவிரல் பாடத்தைப் பதினாறு வயதிலும் கற்கலாம். பத்து வயதில் கற்பிக்கப்படுவதன் காரணம் கல்வியன்று, மலிவு. பட்டறைமொழியை ஆராயப் போகும் மாணவர் ‘சோட்டு’ என்ற சொல்லை உறவுமுறைச் சொல்லாகப் பட்டியலிட்டுவிட்டுத் திரும்பினால், களத்தில் அவர் எதையும் பார்க்கவில்லை என்று பொருள்.

காலமும் அதிகமில்லை. அம்பாசடரின் உற்பத்தியும் மாருதி 800-இன் உற்பத்தியும் 2014-இல் நின்றன. பம்பாயின் பிரீமியர் பத்மினி டாக்சிகள் 2023 அக்டோபரோடு சாலையை விட்டு நீங்கின. டெல்லி வட்டாரத்தில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளும் ஓடக்கூடாது என்ற பசுமைத் தீர்ப்பாயத்தின் ஆணையை நடைமுறைப்படுத்த உச்ச நீதிமன்றம் 2018-இல் வலியுறுத்தியது. 2025 ஜூலையில் அத்தகைய வண்டிகளுக்கு எரிபொருள் மறுக்கும் நடவடிக்கை தொடங்கிய சில நாட்களில் நிறுத்திவைக்கப்பட்டது. இந்தக் கொள்கைகளின் சரிதவறு தனி விவாதம். டெல்லியின் குளிர்காலக் காற்றைச் சுவாசித்தவர் எவரும் பழைய டீசல் வண்டிக்காகக் கண்ணீர் விடமாட்டார். ஆனால் வண்டி போனால் அதைச் சுற்றி வளர்ந்த பேச்சும் போகும் என்பது தெளிவு. புதிய கார்களில் அகன்ற பல்வரிப் பட்டையைச் சுருள்வில் கொண்ட டென்ஷனர் தானாகவே இறுக்கிக்கொள்கிறது. பெருவிரலுக்கு அங்கே வேலை இல்லை. மின்சாரக் காரில் ஆல்டர்னேட்டரே இல்லை. அதற்குப் பின்னும் ‘ஃபேன் பெல்ட்’ என்ற பெயர் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கலாம், ‘இத்னா’ இருக்காது.

மைசூரில் உள்ள இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம், பத்தாயிரத்துக்கும் குறைவானோர் பேசும் மொழிகளைப் பதிவுசெய்யும் திட்டத்தை 2013 முதல் நடத்திவருகிறது. இலக்கணம், அகராதி, ஒலிப்பதிவு என்று அதற்கான முறையியல் தயாராக இருக்கிறது. கோடிக்கணக்கானோர் பேசும் இந்திக்குள்ளோ தமிழுக்குள்ளோ ஒரு தொழிலின் வழக்கு அழியும்போது அது இக்கணக்கில் வராது. மொழி அழியவில்லையே என்பார்கள். முறையியலைக் கடன் வாங்கத் தடை ஏதுமில்லை. ஒரு முதுகலை மாணவர் ஒரு பருவத்தில் முடிக்கக்கூடிய வேலை இது: ஒரே நகரில் ஐந்து பட்டறைகள், ஒரே பணியாகப் பெல்ட் இறுக்கும் வேலை, ஒளிப்பதிவுக் கருவி ஒன்று. பேச்சை மட்டும் எழுதினால் போதாது. கை எங்கே இருக்கிறது என்பதையும் அதே வரியில் எழுத வேண்டும். சொற்பட்டியலைப் பட்டறைக்கே திரும்பக் கொண்டுபோய்ப் படித்துக் காட்டித் திருத்தம் கேட்க வேண்டும். வேலை நேரத்தில் பேச்சுக் கொடுப்பதால் நேரும் கூலி இழப்பை ஈடுகட்டும் தொகையைத் திட்ட மதிப்பீட்டிலேயே எழுதிவிட வேண்டும். நெறிக்குழு கேள்வி கேட்டால், பழங்குடி மொழிக் களப்பணிகளில் தகவலாளிக்குத் தொகை வழங்கும் வழக்கத்தைச் சுட்டிக்காட்டலாம். மழைக்காலத்தில் போவது நல்லது. ஈரத்தில் பெல்ட்டுகள் அதிகம் கத்தும். வண்டிகளும் அதிகம் வரும்.